மியூராவும் எஃப்40யும்: துரினிலிருந்து மரனெல்லோ வரை

திங்கள், துரின்

இத்தாலிக்கு வந்ததே இரண்டு கார்களுக்காக. 1966ல் வெளிவந்த லம்போர்கினி மியூரா ஒன்று, 1987ல் வெளிவந்த ஃபெராரி எஃப்40 இன்னொன்று. எனக்கு மியூரா, தம்பிக்கு எஃப்40. பள்ளிக்கூடக் காலத்தில் ஆளுக்கொரு படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து ஆரம்பித்த சண்டை, இருவருக்கும் வேலை கிடைத்த பிறகும் முடியவில்லை. சரி, இரண்டும் பிறந்த ஊர்களுக்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பிவிட்டோம். தம்பி கோவையில் ஒரு பௌண்டரியில் இருக்கிறான். அலுமினிய வார்ப்புதான் அவன் தொழில். அதனால் ஒரு வண்டியின் முன்னால் நாங்கள் இருவரும் நின்றால் நான் வளைவுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவன் குனிந்து அடியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டையும் குதிரைத்திறனை வைத்து ஒப்பிடுவதில் எனக்கு அக்கறை இல்லை. முதல் மியூரா 350, எஃப்40 478. இடையில் 21 ஆண்டுகள். பின்னால் வந்தது வேகமாகத்தான் போகும், அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? ஒவ்வொரு காரையும் செய்தவர்கள் கையில் அப்போது என்ன இருந்தது, எதை வைத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள், அதுதான் எனக்கு வேண்டும்.

துரினில் ஆரம்பித்ததற்குக் காரணம், மியூரா முதலில் வெளியே தலைகாட்டியது இங்கேதான். போ நதிக்கரையில் வாலன்டினோ பூங்கா, அதன் ஓரத்தில் துரினோ எஸ்போசித்ஸியோனி என்கிற பெரிய கண்காட்சிக் கட்டடம். 1940களின் இறுதியில் பியர் லூயிஜி நெர்வி கான்கிரீட்டில் எழுப்பிய கூரை அதற்குள் இருக்கிறது. இப்போது புதுப்பிக்கும் வேலை நடப்பதால் வெளியிலிருந்துதான் பார்த்தோம். அந்தக் கூரையை உள்ளே நின்று அண்ணாந்து பார்க்கக் கிடைக்காதது பெரிய வருத்தம்.

1965 நவம்பர் துரின் மோட்டார் கண்காட்சியில் லம்போர்கினி கொண்டுவந்து வைத்தது முழுக் காரை அல்ல. வெறும் சேசிஸ். ஓட்டை ஓட்டையாகத் துளையிட்ட கறுப்புத் தகடு, நடுவில் குறுக்காக உட்கார்ந்திருக்கும் 12 சிலிண்டர் எஞ்சின், வெள்ளை பூசிய சைலன்சர் குழாய்கள். மேலே உடலே கிடையாது. பெரும்பாலும் பந்தயக் கார்களில் பார்த்த அமைப்பு அது, ஓட்டுபவருக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் எஞ்சின். அதைச் சாலையில் ஓட்டும் காருக்கு என்று சொல்லி வைத்திருந்தார்கள். தொழில் தொடங்கி அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்த, அதுவரை டிராக்டருக்குப் பேர்போன ஒருவருடைய கம்பெனி செய்த வேலை இது.

அந்தச் சேசிஸுக்கு உடல் தைக்கும் வேலை, துரின்காரர்களான பெர்த்தோனே கம்பெனிக்குப் போனது. அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த மர்செல்லோ கந்தினி வரைந்தார். நவம்பரில் சேசிஸ், அடுத்த மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் முழு வண்டி. நாலு மாதம்! கந்தினிக்கு அப்போது வயது 27. அவர் 2024 மார்ச்சில்தான் காலமானார், அதே துரினில் பிறந்து வளர்ந்தவர். அன்று மாலை பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது நான் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன் என்று தம்பி புகார் சொல்கிறான். பேசாமல் எப்படி இருப்பது?

செவ்வாய், ஃபூனோ

துரினிலிருந்து பொலோன்யாவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 300 கிலோமீட்டருக்கும் அதிகமான இந்தத் தூரத்தைத்தான் மியூராவின் உடல்களும் கடந்தன. துரினுக்குப் பக்கத்தில் க்ருல்யாஸ்கோவில் இருந்த பெர்த்தோனே ஆலையில் உடல் தயாராகும், லாரி ஏறும், லம்போர்கினி ஆலை இருக்கும் சாந்த் ஆகத்தாவில் எஞ்சினோடு சேரும்.

பொலோன்யாவைப் பற்றி நிறைய எழுதலாம். கூரை போட்ட நடைபாதைகள் ஊர் முழுக்க ஓடுகின்றன, மழையானாலும் வெயிலானாலும் குடை வேண்டாம். 2021ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆனால் நாங்கள் பெட்டியை அறையில் போட்டுவிட்டு நேரே வடக்கே ஃபூனோவுக்குப் போய்விட்டோம். அங்கே ஃபெருச்சோ லம்போர்கினியின் பெயரில், அவர் மகன் 2014ல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. கம்பெனியின் அருங்காட்சியகம் வேறு, அது சாந்த் ஆகத்தாவில். கார் பிரியர்கள் பலர் இரண்டாவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் இங்கே வாருங்கள்.

ஏனென்றால் இங்கே உள்ளே நுழைந்ததும் டிராக்டர்கள். வரிசையாக டிராக்டர்கள். 1916ல் இதே வட்டாரத்தில் ரெனாத்ஸோ கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், போர் முடிந்ததும் ராணுவம் கழித்துப்போட்ட எஞ்சின்களையும் உதிரிகளையும் வாங்கி டிராக்டர் கட்டினார். பிறகு வீட்டு ஹீட்டருக்கான பர்னர், கொஞ்ச காலம் ஹெலிகாப்டர் முயற்சிகூட உண்டு. 1963ல் கார் கம்பெனி. ஃபெராரி கம்பெனியின் நிறுவனர் என்ஸோ ஃபெராரியிடம் கிளட்ச் பற்றிப் புகார் சொல்லப் போய், அவமானப்பட்டுத் திரும்பி, அந்தக் கோபத்தில் கார் செய்தார் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் ஓடுகிறது. கதை சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த டிராக்டர் வரிசையைப் பார்த்தபின் அந்தக் கதை எனக்குத் தேவைப்படவில்லை. எஞ்சின் என்று எதைக் கண்டாலும் அதைத் தானும் ஒரு தடவை செய்து பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிற மனுஷன், அவ்வளவுதான்.

அவர் சொந்தமாக வைத்திருந்த மியூரா எஸ்வி, அதாவது மியூராவின் கடைசி வகை, இங்கே நிற்கிறது. நான் முதன்முதலில் நேரில் பார்க்கும் மியூரா.

படங்களில் தெரியாத ஒன்று, அது எவ்வளவு தாழ்வு என்பது. உயரம் சுமார் 1.05 மீட்டர். என் இடுப்பளவுக்குத்தான் கூரை வருகிறது. நீளம் 4.36 மீட்டர், அந்த நீளம் முழுக்க ஒரே வீச்சில் இழுத்த கோடு மாதிரி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கதவின் கைப்பிடி எங்கே என்று தேடினேன். கதவுக்குப் பின்னால் காற்று போகும் கறுப்புப் பட்டைகள் இருக்கின்றன பாருங்கள், அவற்றில் ஒன்றாக ஒளிந்திருக்கிறது. முன் விளக்குகள் படுத்திருக்கின்றன, போட்டால் எழும். அந்த விளக்குகள் ஃபியட் 850 ஸ்பைடரிலிருந்து எடுத்தவை, அதாவது சின்ன, மலிவான காரின் விளக்கு. உள்ளே எட்டிப் பார்த்தால் சில சுவிட்சுகள் கூரையில், விமானத்தில் இருப்பதுபோல் தலைக்கு மேல். பின் இருக்கைக்கு இடமே இல்லை, தலைக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்கு அந்தப்பக்கம் உடனே எஞ்சின்.

தம்பி சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, “அழகாத்தான்ணா இருக்கு” என்றான். அவன் வாயிலிருந்து இது வருவது பெரிய விஷயம்.

புதன், சாந்த் ஆகத்தா

கம்பெனி அருங்காட்சியகம். புதுக் கார்களைப் பார்க்கத்தான் கூட்டம். நாங்கள் நின்றது மியூரா எஞ்சினுக்கு முன்னால்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மியூராவின் உயிரே இங்கேதான் இருக்கிறது. 3929 சிசி, வி12, அதாவது ‘வி’ வடிவில் இரண்டு வரிசையாக 12 சிலிண்டர். அடிப்படை வடிவம் ஜோத்தோ பித்ஸாரினியுடையது. 12 சிலிண்டர் எஞ்சின் என்றால் நீளம். அதை நீளவாக்கில் ஓட்டுபவருக்குப் பின்னால் வைத்து, அதற்கும் பின்னால் கியர் பாக்ஸ் வைத்தால் கார் ரயில் பெட்டி நீளத்துக்குப் போய்விடும். பொறியாளர்கள் ஜான்பவ்லோ தல்லாராவும் பவ்லோ ஸ்தன்ஸானியும் அதைக் குறுக்கே திருப்பினார்கள். அப்போது இங்கிலாந்தின் மினி காரில் சின்ன எஞ்சின் குறுக்காக இருந்தது, கியர் எஞ்சினுக்கு அடியிலேயே, அதே எண்ணெயில். அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு 12 சிலிண்டருக்குச் செய்தார்கள். எஞ்சின், கியர் பாக்ஸ், சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் எல்லாம் சேர்ந்த ஒரே பெரிய அலுமினிய வார்ப்பு.

தம்பி அதன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். “இந்த ஒரு பீஸை வார்க்கறது லேசுப்பட்ட காரியம் இல்லண்ணா. ஒரு எடம் தடிப்பு, ஒரு எடம் மெலிசு, ஆறும்போது எங்கே இழுக்கும்னே சொல்ல முடியாது. 1966ல கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்க்கவும் வழியில்ல.” வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

எஞ்சினும் கியரும் ஒரே எண்ணெயில் ஓடுவது நம்மூர் மோட்டார் சைக்கிள்களில் சர்வ சாதாரணம். ஆனால் இவ்வளவு பெரிய எஞ்சினில் அது தலைவலி. கியரிலிருந்து உதிரும் உலோகத் துகள் எஞ்சின் பேரிங் வரை சுற்றி வரும். கியருக்கு வேண்டிய எண்ணெய் வேறு, எஞ்சினுக்கு வேண்டிய எண்ணெய் வேறு. இதைச் சரிசெய்ய வருஷங்கள் ஆனது, கடைசிக் கட்ட எஸ்வி வண்டிகளில்தான் இரண்டுக்கும் எண்ணெயைப் பிரித்தார்கள். சேசிஸ் தகடும் ஆரம்பத்தில் மெல்லியது, அப்புறம் தடிப்பாக்கினார்கள். பெட்ரோல் டேங்க் முன்பக்கம் இருக்கிறது. பெட்ரோல் தீரத் தீர முன்பக்கம் எடை குறையும், அதே நேரம் வேகத்தில் காற்று மூக்கைத் தூக்கும். முன் சக்கரம் தரையைப் பிடிக்காதபோது ஸ்டியரிங் கையில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இத்தனைக்கும் முதல் வண்டிகளின் டயர் முன்னும் பின்னும் ஒரே அளவு, 205 மில்லிமீட்டர்தான் அகலம். இன்று நம் ஊரில் ஓடும் குடும்பக் கார்களில் பலவற்றுக்கு இதே அகல டயர் இருக்கிறது.

இதை எல்லாம் குறையாக அடுக்கவில்லை. இவை அப்போது யாருக்கும் தெரியாது. சாலைக் காரில் இந்த வேகத்துக்கு யாரும் போனதில்லை, போனால் காற்று என்ன செய்யும் என்று படிக்கப் புத்தகம் இல்லை. ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வேலை பாப் வாலஸ் என்ற நியூசிலாந்துக்காரருடையது. இந்த வட்டாரச் சாலைகளில் அவர் ஓட்டி ஓட்டிச் சொன்னதைக் கேட்டுத்தான் 350 குதிரைத்திறன் கொண்ட பி400 என்ற முதல் மியூரா, 1968ல் 370 ஆகி மியூரா எஸ் ஆனது, 1971ல் 385 ஆகி எஸ்வி ஆனது. எஸ்வியில் பின் சக்கரங்கள் அகலமாயின, பின் சஸ்பென்ஷன் மாறியது, விளக்கைச் சுற்றியிருந்த கண்ணிமை போன்ற பட்டைகள் போயின. 1973ல் நிறுத்தும்வரை மொத்தம் சுமார் 760 வண்டிகள்.

தல்லாரா, ஸ்தன்ஸானி, வாலஸ், கந்தினி. வேலை தொடங்கும்போது நாலு பேரும் 30ஐத் தொடாதவர்கள். முதலாளிக்குப் பந்தயத்தில் விருப்பம் இல்லை, பந்தயக் கார் பக்கமே போகக்கூடாது என்பார். இவர்கள் மாலை நேரங்களில் உட்கார்ந்து பந்தயக் கார் மாதிரி ஒன்றை வரைந்து, சாலைக் கார் என்று சொல்லி அவரிடம் காட்டினார்கள். அவர் சரி என்றார். விற்காவிட்டாலும் விளம்பரம் ஆகும் என்று நினைத்தாராம்.

வியாழன், மொதேனா

காலையில் அல்பினெல்லி சந்தை. காய்கறி, பாலாடைக்கட்டி, பெரிய பெரிய சக்கரமாகப் பர்மிஜானோ. ரிக்கோத்தாவும் கீரையும் வைத்த தொர்தெல்லோனி சாப்பிட்டோம், இறைச்சி சாப்பிடாதவர்கள் தைரியமாக வரலாம்.

பிற்பகல் ஊருக்கு வெளியே ஒரு பட்டறை. தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா, தனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் பழைய கார்களைப் பழுதுபார்க்கிறார் என்று போன் போட்டுக் கேட்டு அனுப்பிவைத்தார். பெயர் போட வேண்டாம் என்று பெரியவர் சொன்னதால் போடவில்லை. படமும் எடுக்கவில்லை. உள்ளே ஒரு மியூரா எஸ், பின்பக்க மூடியைத் திறந்து வைத்து வேலை ஓடிக்கொண்டிருந்தது. மியூராவில் மூடி என்றால் காரின் பின்பாதி முழுக்க ஒரே துண்டாகத் தூக்குகிறது.

அவர் செய்துகொண்டிருந்தது கார்புரேட்டர் டியூனிங். மூன்று வாய் கொண்ட வெபர் கார்புரேட்டர்கள் நாலு, ஆக 12 வாய், சிலிண்டருக்கு ஒன்று. பன்னிரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ எஞ்சின் முரண்டு பிடிக்கும். அதை அளக்கக் கருவி இருக்கிறது, ஆனால் அவர் ரப்பர் குழாய் ஒன்றின் ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்துக் கேட்கிறார். ஒவ்வொன்றாக. ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்புகிறார், திரும்பக் கேட்கிறார். தம்பியிடமும் குழாயைக் கொடுத்தார். அவனுக்கு மூன்றாவது வாய்க்கும் நாலாவது வாய்க்கும் வித்தியாசம் கேட்டதாம். எனக்குக் கொடுத்தபோது எல்லாமே ஒரே உறுமல்தான்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியுமா தெரியவில்லை. முதலில் பெட்ரோல் பம்ப் டக்டக்கென்று அடிக்கிறது, அது நிற்கும்வரை காத்திருக்கிறார். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது. பிறகு சிலிண்டர்கள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டு, ஒன்றிரண்டு சேராமல் திக்கி, திடீரென்று பன்னிரண்டும் ஒன்று சேர்கின்றன. சத்தம் சைலன்சரிலிருந்து மட்டும் வரவில்லை. கார்புரேட்டர் காற்றை உறிஞ்சுவது, செயின் ஓடுவது, கியர்கள் உரசுவது எல்லாம் தனித்தனியாகக் கேட்கிறது. ஓட்டுபவருக்கு இதெல்லாம் ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், காதருகில். வெப்பமும் அப்படியே.

இந்தக் கார்புரேட்டர் பந்தயத்துக்கானது, எப்போதும் முழு வேகத்தில் இழுக்கிற எஞ்சினுக்குச் சரி. சிக்னலில் நின்று நின்று போனால் பெட்ரோல் மேலே தேங்கும், ஒரு தடவை பின்னடித்துப் பொறி கிளம்பினால் போச்சு. தீப்பிடித்த மியூராக்கள் பல. பெரியவரின் பட்டறையில் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

எஃப்40 ஓட்டியிருக்கிறீர்களா என்று தம்பி கேட்டான். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் எங்களுக்குத் தெரியாத இத்தாலியனிலும் வந்த பதிலை இப்படிப் புரிந்துகொண்டோம். நிறைய எஃப்40களுக்கு வேலை பார்த்திருக்கிறார், சோதித்துப் பார்க்க ஓட்டியும் இருக்கிறார். கிளட்ச் கல் மாதிரி இருக்கும், ஊருக்குள் ஓட்டினால் இடது கால் வலிக்கும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது தூங்கும், அந்த நேரம் சாதாரணக் காரை ஓட்டுவது போலத்தான். மேலே போனதும் ஒரே தள்ளு. அந்தத் தள்ளு வரும்போது சக்கரம் நேராக இருக்க வேண்டும். கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னார்.

வெள்ளி, மரனெல்லோ

மொதேனா ரயில் நிலையத்திலிருந்து அருங்காட்சியகப் பேருந்து இருக்கிறது. கிளம்பும் முன் என்ஸோ ஃபெராரி பிறந்த வீட்டையும் அதைக் கட்டிப்பிடித்தாற்போல் நிற்கும் மஞ்சள் கூரைக் கட்டடத்தையும் பார்த்தோம். 2012ல் திறந்தது, யான் கப்லிட்ஸ்கியின் வடிவம். ஒரு காரின் பானட் போலவே கூரை வளைந்து, காற்றோட்டத் துளைகளோடு இருக்கிறது. அழகு.

ஃபெராரி ஆலை இருக்கும் மரனெல்லோ சின்ன ஊர்தான். எங்கே திரும்பினாலும் சிவப்பு. ஃபார்முலா ஒன்னில் ஃபெராரி ஜெயித்தால் இங்குள்ள சர்ச் மணியை அடிப்பார்கள். ஆலைக்கு எதிரிலேயே என்ஸோ சாப்பிட்டுவந்த காவல்லினோ உணவகம்.

எஃப்40 முன்னால் வந்து நின்றதும் தம்பி பேச்சை நிறுத்திவிட்டான்.

நான் முதலில் பார்த்தது அளவு. நீளம் 4.36 மீட்டர். மியூராவும் அதேதான்! இரண்டு கம்பெனி, இருபது வருஷம், ஒரே நீளம். ஆனால் அகலம் 1.97 மீட்டர், மியூராவைவிட சுமார் 20 சென்டிமீட்டர் கூடுதல். உயரம் 1.12 மீட்டர். பின் டயர் 335 மில்லிமீட்டர். நேற்று முன்தினம் சொன்ன 205ஐ நினைத்துக்கொள்ளுங்கள், இருபது வருஷத்தில் கற்றுக்கொண்டது என்ன என்பதற்கு அந்த இரண்டு எண்ணும் போதும்.

அப்புறம் பெயின்ட். அருங்காட்சியக விளக்கு சாய்வாக விழும் இடத்தில் குனிந்து பார்த்தால், சிவப்புக்கு அடியில் கெவ்லார், கார்பன் இழைகளின் நெசவு கோரைப்பாய்ப் பின்னல் போலத் தெரிகிறது. எடை கூடிவிடும் என்று பெயின்ட்டையும் மெல்லியதாக அடித்திருக்கிறார்கள். கதவின் உட்புறத்தில் கைப்பிடி இல்லை, இழுத்துத் திறக்க ஒரு கயிறு. தரையில் விரிப்பு இல்லை. ரேடியோ இல்லை. பவர் ஸ்டியரிங் இல்லை. பிரேக்குக்கு உதவும் சர்வோ இல்லை, ஏபிஎஸ் இல்லை. முதலில் வந்த வண்டிகளில் ஜன்னல்கூடத் தள்ளித் திறக்கும் பிளாஸ்டிக்தான். உள்ளே தகடுகள் சேரும் இடத்தில் ஒட்டுப் பசை வெளியே தெரிகிறது, அதைத் துடைத்து மறைக்கவும் இல்லை. பின்பக்கம் கோடு கோடாகக் கிழித்த பிளாஸ்டிக் மூடி, எஞ்சின் சூடு வெளியேற. நடுவில் மூன்று சைலன்சர் குழாய்கள். ஓரத்தில் உள்ள இரண்டும் வி8இன் இரண்டு பக்கத்துக்கு, நடுவிலுள்ளது டர்போவின் மிச்ச அழுத்தத்தை வெளியே விட. 2936 சிசி, இரண்டு ஐஎச்ஐ டர்போ, 478 குதிரைத்திறன், மணிக்கு 324 கிலோமீட்டர். உலர் எடை 1100 கிலோ என்று கம்பெனி சொன்னது.

இங்கே நின்றபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. மியூராவில் ஏபிஎஸ் இல்லை, டயர் ஒல்லி, மூக்கு எழும், எல்லாம் அப்போது தெரியாததால் அல்லது இல்லாததால். 1987ல் ஏபிஎஸ் விற்பனைக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பவர் ஸ்டியரிங் சாதாரணக் கார்களிலேயே இருந்தது. எஃப்40ஐச் செய்தவர்களுக்கு எல்லாம் தெரியும், எல்லாம் கையில் இருந்தது. தெரிந்தே எடுத்து வெளியே வைத்தார்கள். மியூரா ஓட்டியவர் பட்ட பாடு தவிர்க்க முடியாதது. எஃப்40 ஓட்டுபவர் படும் பாடு அவருக்காகவே யோசித்து வைத்தது. இரண்டு காரையும் ‘கஷ்டமான வண்டி’ என்று ஒரே வார்த்தையில் சொல்கிறார்கள், எனக்கு அது தப்பாகப் படுகிறது.

எஃப்40 எங்கிருந்து வந்தது என்பதும் இதற்கு உதவுகிறது. 1984ல் குரூப் பி பந்தய விதிகளை மனதில் வைத்து ஃபெராரி 288 ஜிடிஓவைச் செய்தது. அதிலிருந்து எவோலுத்ஸியோனே என்று இன்னும் கடுமையான சில வண்டிகள். 1986ல் விபத்துகளுக்குப் பிறகு குரூப் பி நின்றுபோனது, பந்தயம் இல்லாமல் பந்தய வண்டி கையில் நின்றது. அதை வைத்துச் சாலைக் கார் செய்யலாம் என்று பொறியாளர் நிகோலா மதெராத்ஸி சொல்ல, என்ஸோ ஒப்புக்கொண்டார். ஓராண்டு சொச்சத்தில் முடித்துவிட்டார்கள். 1987 ஜூலை 21ல் இதே மரனெல்லோவில் திரை விலக்கினார்கள், ஃபெராரி கார் செய்யத் தொடங்கி 40 ஆண்டு ஆனதற்காக. என்ஸோவுக்கு வயது 89. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 14ல் போய்ச் சேர்ந்தார். அவர் கண் முன்னால் வெளிவந்த கடைசிப் புது ஃபெராரி இது. 400 வண்டி செய்வதாக இருந்தது, கேட்பவர்கள் விடவில்லை, 1300க்கு மேல் போனது.

மாலையில் காப்பிக் கடையில் உட்கார்ந்து தம்பி போனில் பிறந்த வருஷங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று போனைத் திருப்பிக் காட்டினான். “அண்ணா, இதப் பாரு.” கந்தினி 1938. பினின்ஃபரினா என்ற கார் வடிவமைப்புக் கம்பெனியில் எஃப்40 வடிவமைப்பை மேற்பார்த்த லெயோனார்தோ ஃபியோரவாந்தி, அவரும் 1938. மதெராத்ஸி 1939 ஜனவரி. தல்லாரா, ஸ்தன்ஸானி இருவரும் 1936. ஒரே தலைமுறை! வேறு வேறு காலத்துக் கார்கள் என்று இத்தனை வருஷம் பேசிக்கொண்டிருக்கிறோம், இரண்டையும் செய்தவர்கள் ஒரே வகுப்பில் படித்திருக்கக்கூடிய வயதுக்காரர்கள். 27, 28 வயதில் செய்தால் மியூரா வருகிறது. 48, 49ல் செய்தால் எஃப்40 வருகிறது.

இது எனக்கு ரொம்பவே புதிது. அதுவரை எஃப்40ஐ மியூராவின் பேரன் மாதிரிப் பார்த்துவந்தேன்.

சனி, பவுல்லோ போகும் மலைச் சாலை

ஒரு ஃபியட் பான்டா வாடகைக்கு எடுத்தோம். மரனெல்லோவிலிருந்து தெற்கே போனால் ஜார்தீனி சாலை, 18ஆம் நூற்றாண்டில் போட்டது, செர்ரமத்ஸோனி, பவுல்லோ வழியாக அபெத்தோனே கணவாய் வரை ஏறுகிறது. அடுத்தடுத்து வளைவு, இறக்கத்தில் லாரி, ஓரமாக சைக்கிள்காரர்கள், இடையிடையே செஸ்நட் மரங்கள். ஃபெராரியின் சோதனை ஓட்டுநர்கள் இந்த மலைகளில்தான் வண்டிகளைத் தீட்டினார்கள்.

சண்டை தொடர்ந்தது. ஆனால் இந்தத் தடவை இருவரும் எதிர்ப்பக்கத்துக்காகப் பேச ஆரம்பித்துவிட்டோம். எஃப்40இல் ஒரு அங்குலம்கூட யாரையும் மயக்குவதற்காக வைத்ததல்ல, ஒவ்வொரு துளைக்கும் கோட்டுக்கும் காரணம் கேட்டால் அந்த இடத்திலேயே பதில் இருக்கிறது என்று நான் சொல்கிறேன். அந்த வார்ப்பைப் பார்த்த பிறகு மியூராவை வெறும் அழகான கார் என்று சொல்ல வாய் வராது என்கிறான் அவன்.

“பயந்திருந்தா அப்படி வார்த்திருக்க மாட்டாங்கண்ணா. அவங்களுக்கு எது தப்பாப் போகும்னு தெரியல, அதனாலதான் துணிஞ்சாங்க.”

“தெரிஞ்சும் துணியறது பெரிசில்லையா? மதெராத்ஸிக்கு டர்போ என்ன செய்யும்னு நல்லாவே தெரியும்.”

“அவருக்குப் பின்னால என்ஸோ இருந்தார். இவங்களுக்குப் பின்னால யார் இருந்தா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஃபெருச்சோ இருந்தார் என்று சொல்லலாம், ஆனால் அவர் 1970களின் தொடக்கத்திலேயே பங்குகளை விற்றுவிட்டு, உம்ப்ரியாவில் திராட்சைத் தோட்டம் போட்டுப் போய்விட்டார். தல்லாரா அதற்கும் முன்பே கம்பெனியை விட்டு வெளியேறிவிட்டார், பின்னாளில் உலகம் முழுக்கப் பந்தயக் கார் சேசிஸ் செய்துகொடுக்கும் கம்பெனியை பார்மா பக்கத்தில் தன் சொந்த ஊரில் கட்டினார். மியூராவைச் செய்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

பவுல்லோவில் வண்டியை நிறுத்தி தீஜெல்லே சாப்பிட்டோம், வட்டமாகச் சுட்ட சின்ன ரொட்டி, உள்ளே பாலாடைக்கட்டி. சாப்பிட்டுக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தோம். இந்த மலைச் சாலையை ஏற ஒரே ஒரு சாவி கையில் கொடுத்தால் தம்பி எஃப்40இன் சாவியை எடுப்பான், அவன் பிரேக்கையும் டயரையும் நம்புகிறவன். எனக்கு மியூராதான், அதிலும் எண்ணெயைப் பிரித்த பிறகு வந்த எஸ்வி. அவர்கள் ஐந்தாறு வருஷம் ஓட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த ஒரு வண்டியில் சேர்ந்திருக்கிறது, விளக்கு மட்டும் இன்னும் அதே ஃபியட் 850 விளக்கு.